ஏழு குட்டை வாசலும் ஒரு நெட்டை வாசலும்

ட்ராமெலோ பண்ணை மாளிகைக்கு முன்னால் போய் நின்றால் முதலில் கண்ணில் படுவது வாசல்கள்தான். வரிசையாக எட்டு. ஏழு குட்டை. ஒன்று மட்டும் நெட்டையாக, கூட்டத்தில் கழுத்தை நீட்டி எட்டிப் பார்க்கிறவன் மாதிரி நிற்கும். வெளியூர்க்காரர்கள் பார்த்துவிட்டுச் சிரிப்பார்கள். கட்டினவன் குடித்திருந்தானா என்று கேட்பார்கள். ட்ராமெலோக்காரர்கள் சிரிக்க மாட்டார்கள். "அது வில்மா வாசல்" என்று சொல்லிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

வில்மா ராட்லோஃப் பிறந்தது மாளிகையில் இல்லை. குளத்துக்கு அந்தப் பக்கம், பண்ணையாட்களின் வரிசை வீட்டில். குளம் என்று பெயர்தானே தவிர, அதைக் குளமாக யாரும் வெட்டவில்லை. பண்ணை எஜமான் பாரனின் கொள்ளுத்தாத்தாவுக்கு அப்பா மாளிகை கட்டுவதற்கு மண் எடுத்த பள்ளம் அது. தோண்டினது ட்ராமெலோ ஆட்கள். மண்ணை மிதித்தது, கல் அறுத்தது, சூளை வைத்தது, சுமந்தது எல்லாம் அவர்கள்தான். கடைசியில் மாளிகை பாரனுக்குப் போனது. பள்ளத்தில் மழைத் தண்ணீர் நின்று இவர்களுக்கு ஒரு குளம் மிஞ்சியது.

மாளிகை என்றால் சும்மா இல்லை. இரண்டு மாடி, அதற்கு மேல் தொப்பியை மடித்துக் கவிழ்த்தது போல ஓட்டுக் கூரை. ஆள் உயரத்துக்கு மேல் ஆள் நிற்கலாம், அவ்வளவு பெரிய ஜன்னல்கள். தரைத்தளமே மண்ணிலிருந்து இடுப்பளவு தூக்கிக் கட்டியிருந்தது. அடியில் வளைவு வளைவாகச் சமையல் நிலவறை. நடுவில் பெரிய வாசல், அதற்கு ஏற இரண்டு பக்கமும் விரிந்து இறங்குகிற கல் படிக்கட்டு. வேலைக்காரர்களுக்கு அந்த வாசல் கிடையாது. அவர்கள் பின்பக்கமாக நிலவறைக்குள் நுழைந்து, சுவருக்குள்ளேயே ஒளித்து வைத்த ஒடுக்கமான படியில் ஏறி, சுவர்க் காகிதம் ஒட்டி மறைத்த கதவு வழியாக அறைக்குள் வரவேண்டும். விருந்தாளி கண்ணுக்கு, சூப் தானாக மேஜைக்கு வந்த மாதிரி இருக்கும்.

பதினாலு வயதில் வில்மாவை அங்கே தரை தேய்க்க அனுப்பினார்கள். சனிக்கிழமை தோறும் முன்பக்கக் கல் படிக்கட்டு அவள் பொறுப்பு. வீட்டைச் சுற்றி வந்து, மேல் படியில் முட்டி போட்டு, தேய்த்துத் தேய்த்துப் பின்னால் இறங்கிக் கீழே வந்து முடிப்பாள். ஒவ்வொரு படியிலும் எந்த இடத்தில் பள்ளம், எந்த இடத்தில் கல் பொரிந்திருக்கிறது என்று அவள் முட்டிக்குத் தெரியும். அந்தப் படியில் ஏறி அந்த வாசல் வழியாக உள்ளே போனது மட்டும் ஒருநாளும் இல்லை.

கல்யாணம் ஆனது. புருஷன் ஹின்ரிஷ் போருக்குப் போனவன் திரும்பவில்லை. போர் முடிகிற வருஷத்து வசந்தத்தில் பாரன் இரண்டு குதிரை வண்டியில் வெள்ளிச் சாமானையும் வேட்டை நாய்களையும் ஏற்றிக்கொண்டு மேற்கே போய்விட்டார். பிறகு ரஷ்யச் சிப்பாய்கள் வந்து தங்கினார்கள், போனார்கள். கிழக்கேயிருந்து வீடு வாசல் இழந்த சனங்கள் கைவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். பண்ணை நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, உழுதவர்களுக்கே கொடுத்தார்கள். வில்மாவுக்கும் ஒரு துண்டு கிடைத்தது. அவள் பிறந்த வரிசை வீடு குண்டு விழுந்து எரிந்து போயிருந்ததால் மாளிகையில் இடமும் கிடைத்தது. பாரனின் அம்மா பியானோ வாசித்த நீலக் கூடத்தில் பாதி வில்மாவுக்கு. திரைக்கு அந்தப் பக்கம் மீதிப் பாதி, கிழக்கே பொமரேனியாவிலிருந்து வந்த ஏர்னா என்கிற சின்னப் பெண்ணுக்கு. ஏர்னாவின் புருஷன் குர்ட்டுக்கு டவுன் சர்க்கரை ஆலையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவான். இப்படி எட்டுக் குடும்பம் அந்த மாளிகைக்குள். வில்மா மட்டும் பழைய பழக்கத்தில் இன்னும் பின்பக்க நிலவறை வழியாகவே போய் வந்தாள்.

நாற்பத்தெட்டாம் வருஷம், கோதுமை அறுப்பு முடிந்த சமயம். ஊர்த் தலைவர் எமில் பார்ட்டெல்ஸ் எல்லோரையும் கூடத்துக்குக் கூப்பிட்டார். எமில் முன்பு பண்ணையில் பால் கறந்தவர். தலைவர் ஆன பிறகும் பேசும்போது விரல்கள் தானாகப் பால் கறந்துகொண்டிருக்கும். அன்றைக்கு ரொம்ப வேகமாகக் கறந்தன.

"மேலேருந்து உத்தரவு வந்திருக்கு. பண்ணை மாளிகைங்க எல்லாத்தையும் இடிக்கணுமாம். அந்தக் கல்லை வெச்சு நமக்குப் புது வீடு கட்டித் தருவாங்களாம்."

"எப்போ இடிக்கிறாங்க?" என்றாள் வில்மா.

"குளிர் வர்றதுக்குள்ள."

"எப்போ கட்டுறாங்க?"

எமிலின் விரல்கள் நின்றுவிட்டன. "அது வந்து... மரம் கிடைக்கணும். சுண்ணாம்பு கிடைக்கணும். வர்ற வருஷம்... அதுக்கடுத்த வருஷம்..."

"நடுவுல நாங்க எங்க படுக்குறது எமில்? உன் மாட்டுக் கொட்டாய்லயா?"

"கொட்டாய்னு சொல்லாத வில்மா, களஞ்சியம். வைக்கோல் போட்டுக்கலாம்."

எல்லோரும் ஏர்னாவைப் பார்த்தார்கள். ஏர்னாவுக்கு மாசம் நெருங்கியிருந்தது. வயிறு அவளுக்கு முன்னால் ஒரு அடி போய்க்கொண்டிருந்தது. போன குளிர்காலத்துக்கு முந்தின குளிரில் களஞ்சியத்தில் தங்கின கிழக்கத்திச் சனங்களில் கைக்குழந்தை ஒன்றுகூடத் தப்பவில்லை. 

வில்மா எழுந்தாள். "நான் போகமாட்டேன்."

"உத்தரவும்மா!"

"யாரு உத்தரவா இருந்தா எனக்கென்ன? இந்தக் கல்லு எங்க ஆளுங்க சுமந்தது. இந்தத் தரை நான் தேய்ச்சது. பாரன் இருந்தப்ப நின்னுச்சு, நாங்க வந்த உடனே இடிக்கணுமா? இடிக்கிறதா இருந்தா அவரு உள்ள இருக்கையில வந்து இடிச்சிருக்கணும்!"

கூட்டம் சிரித்தது. எமில் சிரிக்கவில்லை. கூட்டம் கலைந்த பிறகு அவர் மட்டும் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சுவரைப் பார்த்துப் பேசுகிற மாதிரி சொன்னார்: "உத்தரவு எஜமான் வீட்டை இடிக்கத்தான். குடியானவன் வீட்டை இடிக்க உத்தரவு எதுவும் இல்ல."

"என்ன சொல்றே?"

"நான் ஒண்ணும் சொல்லல. நான் வாயே தொறக்கல. ஒவ்வொரு குடியானவனுக்கும் தனி வாசல், தனி அடுப்பு இருந்தா அதுக்குப் பேரு குடியானவன் வீடு. அவ்வளவுதான். நான் எதுவுமே சொல்லல."

அன்றைக்குச் சாயங்காலமே வில்மா தச்சர் கிறிஷான் வுல்ஃபின் கதவைத் தட்டினாள். கிறிஷானுக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது. தச்சு, கொத்து எல்லாம் அவரேதான். வாழ்நாள் முழுக்கப் பண்ணைக்கு வேலை செய்தவர்.

"அண்ணே, எட்டு வாசல் வைக்கணும்."

"எந்த வீட்டுக்கு?"

"மாளிகைக்கு. முன்பக்கம்."

கிறிஷான் புகைக்குழாயை வாயிலிருந்து எடுத்தார். "ஏம்மா, உனக்கு வெயில்ல நின்னு தலை சுத்திருச்சா? அந்த முகப்பு எப்படிப்பட்ட முகப்பு! நடுவுல வாசல், இந்தப் பக்கம் நாலு ஜன்னல், அந்தப் பக்கம் நாலு ஜன்னல், ஒரு விரக்கடை கூட மாறாது. அதுல போயி ஓட்டை போடச் சொல்றியே!"

"முகப்பு அழகா இருந்தா இடிச்சிருவாங்க அண்ணே. அசிங்கமா இருந்தா விட்டுருவாங்க."

கிறிஷான் ரொம்ப நேரம் புகை விட்டார். பிறகு, "நாளைக்கு வரேன். ஆனா நான் அழுதா யாரும் பாக்கக் கூடாது" என்றார்.

முதல் வேலை அந்தக் கல் படிக்கட்டைப் பெயர்ப்பது. கடப்பாரையோடு எல்லோரும் வந்து நின்றார்கள். வில்மா கையை நீட்டி நிறுத்தினாள். மரச் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். பிறகு படிக்கட்டில் கால் வைத்து ஒவ்வொரு படியாக, அவசரப்படாமல், தலையை நிமிர்த்தி ஏறினாள். பெரிய வாசலைத் தள்ளித் திறந்து உள்ளே போனாள். கொஞ்ச நேரம் அங்கே நின்றுவிட்டுத் திரும்பி வந்து வெளியே எட்டிப் பார்த்துச் சொன்னாள்:

"சரி. இப்ப ஒடைங்க."

அந்தப் படிக்கட்டுக் கற்களைத்தான் பிரித்து ஒவ்வொரு குடும்பத்துக்கும் சின்னச் சின்னப் படியாகப் போட்டார்கள். பெரிய வாசலைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். எட்டு ஜன்னலுக்கும் கீழே இருந்த சுவரை உடைத்துத் தரைவரைக்கும் இறக்கினார்கள். கிறிஷான் தன் அளவுகோலை வைத்து நிலை அடித்தார். நிலைக்கு மேலே மிச்சமிருந்த ஜன்னல் பள்ளத்தைச் செங்கல்லால் நிரப்பினார். சுண்ணாம்பு ஏது? குளத்துக் களிமண்தான் பூச்சு. உடைத்த செங்கலில் ஒன்றில் வாத்துக் கால் தடம் இருந்தது. நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் எவளோ ஒரு ட்ராமெலோக்காரி தன் வாத்தைத் துரத்திக்கொண்டு காயாத கல்மேல் ஓடியிருக்கிறாள். எல்லோரும் அந்தக் கல்லை வாங்கி வாங்கிப் பார்த்தார்கள். "பாருடா, நம்ம வாத்து பாரன் சுவருக்குள்ள குடியிருந்திருக்கு" என்றார் கிறிஷான்.

இந்தத் தட்டலுக்கும் இடித்தலுக்கும் நடுவில்தான் ஏர்னாவுக்கு வலி வந்தது. நீலக் கூடத்தில், பியானோ இருந்த மூலையில், பெண் குழந்தை. ரெனாட்டெ என்று பெயர் வைத்தார்கள். அந்தக் குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே போக மனசு வரவில்லை. தலை நிறையப் பஞ்சு மாதிரி வெள்ளை முடி. காது ரெண்டும் வெயிலில் வைத்தால் சிவந்து வெளிச்சம் தெரியும். கொட்டாவி விட்டால் முகமே காணாமல் போய் வாய் மட்டும் இருக்கும். கையில் எது கிடைத்தாலும் பிடித்தால் விடாது. வில்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டால் வில்மா அரை நாள் வேலையை இடது கையாலேயே செய்வாள். சுத்தியல் சத்தத்தில் பிறந்ததாலோ என்னவோ, கிறிஷான் தட்டும்வரை சுகமாகத் தூங்கும். அவர் புகை பிடிக்க உட்கார்ந்தால் வீலென்று கத்தும்.

"உன் பொண்ணு எனக்கு மேஸ்திரி வேலை பாக்குறா ஏர்னா. பாரன்கூட இப்படி விரட்டினதில்ல" என்று முனகிக்கொண்டு கிறிஷான் மறுபடி சுத்தியலை எடுப்பார்.

முதல் உறைபனி தரையில் விழுந்த அன்று அதிகாரிகள் வந்தார்கள். மூன்று பேர். தலைமை தாங்கி வந்தவர் தோழர் ஷ்ட்ரூவெ. தோல் கோட்டு போட்ட ஆறடி மனிதர். வண்டியிலிருந்து இறங்கி முகப்பைப் பார்த்தார். எட்டு வாசல், எட்டுச் சின்னப் படி, சுவரைத் துளைத்து வெளியே நீட்டின எட்டு அடுப்புப் புகைக்குழல். மேல் மாடியில் துணி காய்ந்தது. ஒரு ஆடு படியில் நின்று அவரைப் பார்த்து அசை போட்டது.

"என்ன வேஷம் இது?" என்றார்.

வில்மா முன்னால் வந்தாள். மார்போடு குழந்தை. "எட்டு வீடு தோழரே. உத்தரவுல குடியானவங்களுக்கு வீடு வேணும்னு போட்டிருந்துச்சாமே. நாங்களே வெச்சுக்கிட்டோம்."

"ஓட்டை போட்டா மாளிகை குடிசை ஆயிடுமா? கூரையைப் பாரு. ஜன்னலைப் பாரு. பாரன் நாளைக்கே திரும்பி வந்தா தொப்பியைக் கழட்டி மாட்டிட்டு உக்காந்துக்குவான்."

"வரட்டும். வந்து எந்த வாசல்ல நுழைவாரு? எல்லா வாசல்லயும் ஆள் இருக்கோம்."

"பேச்செல்லாம் நல்லாத்தான் இருக்கு. திங்கட்கிழமை ஆள் வரும். சாமானை எடுத்து வெச்சுக்கோங்க."

"புள்ளய எங்க எடுத்து வெச்சுக்கறது? அதையும் சொல்லிட்டுப் போங்க!"

அவர் உள்ளே எவ்வளவு மரம் தேறும் என்று பார்க்கவோ என்னவோ, வில்மாவின் படியில் ஏறி அவள் வாசலுக்குள் விறுவிறுவென்று நுழைந்தார்.

மடேர் என்று ஒரு சத்தம். தொப்பி பின்னால் பறந்து ஆட்டின் காலடியில் விழுந்தது. தோழர் ஷ்ட்ரூவெ நெற்றியைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார்.  எமிலின் விரல்கள் காற்றில் கறந்தன.

"கு... குனிஞ்சு வரணும் தோழரே" என்றாள் ஏர்னா, உள்ளே இருந்து பயந்த குரலில். "நாங்க எல்லாரும் குனிஞ்சுதான் வருவோம்."

ஷ்ட்ரூவெ கையை எடுத்தார். நெற்றியில் புடைப்பு ஏறிக்கொண்டிருந்தது. எழுந்து நின்று நிலையை மேலேயும் கீழேயும் தடவினார். பக்கத்து வாசலுக்குப் போய் அதையும் தடவினார். அதற்கடுத்ததையும்.

"இதை யாரு வெச்சது?"

கிறிஷான் முன்னால் வந்தார். "நான்தான்."

"இவ்வளவு பெரிய ஜன்னல் பள்ளம் இருந்துச்சே. ஏன் மேல அடைச்சுக் குட்டையா வெச்சே?"

கிறிஷான் நிலையைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அதைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். "நம்ம சனத்துக்கு எப்பவும் வெக்கிற அளவுதானுங்க. என் கோலு இதோ, இதுல கோடு போட்டிருக்கு."

"பாரனுக்கும் இதே கோலா?"

"ஐயோ, பாரன் வீட்டுக்கு வேற கோலு. அது பரண்ல கிடக்கு. நான்... நான் யோசிக்கவே இல்லீங்க. கை தானா இதை எடுத்துடுச்சு."

ஷ்ட்ரூவெ நிலையில் மறுபடி கை வைத்தார். பிறகு மற்ற இரண்டு பேரிடமும் இல்லாமல் வாசலிடமே பேசுகிற மாதிரி பேசினார். "எங்கப்பாவும் பண்ணையாள்தான். என்னை மாதிரியே உசரம். நெத்தியில எப்பவும் காயம் இருக்கும். சாகுறப்பகூட இருந்துச்சு. ஆறிப்போச்சுன்னு நெனைக்கிறப்ப மறுபடியும் இடிச்சுக்குவாரு."

ஆட்டின் காலடியிலிருந்து தொப்பியை எடுத்துத் தட்டிக்கொண்டார். "எஜமான் வீட்ல இந்த வாசல் இருக்காது. எழுதிக்கோங்க. ட்ராமெலோவில் மாளிகை எதுவும் இல்லை. குடியானவர் வீடுகள், எட்டு."

வண்டி போன பிறகு ஒரே கூத்து. எமில் மறைத்து வைத்திருந்த உருளைக்கிழங்குச் சாராயத்தை எடுத்து வந்தார். கிறிஷானைத் தூக்கிச் சுற்றினார்கள். "உன் குட்டைக் கோலு எங்க குடும்பத்தையே காப்பாத்திருச்சு அண்ணே!" என்று அவர் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள் ஏர்னா.

வில்மா மட்டும் சாராயத்தைத் தொடவில்லை. தன் படியில் நின்று வாசலையே பார்த்தாள். உள்ளே போனாள். வெளியே வந்தாள். மறுபடி உள்ளே போனாள். ஒவ்வொரு தடவையும் அவள் தலை தானாகக் குனிந்தது. நிலை கட்டின நாளிலிருந்து அவளும் குனிந்துதான் போய் வந்திருக்கிறாள். எட்டுக் குடும்பமும் அப்படித்தான். உள்ளே ஏணி போட்டாலும் எட்டாத கூரை. அதற்குள் நுழைய முதுகை வளைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். ஒருத்தருக்கும் அது உறைக்கவில்லை.

"அண்ணே, என் வாசலை உசத்திக் குடு" என்றாள்.

கிறிஷான் கையில் கிளாசோடு அப்படியே நின்றார். "என்ன சொல்றே? அந்த வாசல்தானே நம்மள காப்பாத்துச்சு!"

"காப்பாத்துச்சு. அதுக்கு நன்றி. இப்ப உசத்திக் குடு."

எமில் ஓடி வந்தார். "அடியே, உனக்குப் பைத்தியமா? அந்த ஆளு நாளைக்கே திரும்பி வந்து பாத்தா? கோர்த்த முத்து மாதிரி காரியம் முடிஞ்சிருக்கு, நூலை அறுத்துடாத!"

"வரட்டும். பாக்கட்டும். அவருக்கும்தானே இடிச்சுது."

"குனிஞ்சா கழுத்தா ஒடிஞ்சிரும் வில்மா? நாப்பது வருஷமா குனிஞ்சோம்ல?"

"அதனாலதான்டா சொல்றேன்!"

யாரும் கேட்கவில்லை. கிறிஷான் கோலைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு குழந்தைக்கு ஞானஸ்நானம். குர்ட் ஆலையிலிருந்து பீட்ரூட் பாகு கொண்டு வந்திருந்தான். அதை ஊற்றி ஏர்னா ஒரு தட்டு கேக் சுட்டிருந்தாள். ஞானத்தாய் வில்மா. அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு: குழந்தையை ஞானஸ்நானத்துக்கு வெளியே எடுத்துப் போகும்போது வாசற்படியில் ஒரு கோடாலியைக் கிடத்தி, அதைத் தாண்டித்தான் போகவேண்டும். இரும்பைத் தாண்டின குழந்தையிடம் கெட்டது எதுவும் நெருங்காது. கிறிஷானின் கோடாலியைத்தான் கிடத்தியிருந்தார்கள். கோயில் மணி அடித்துக்கொண்டிருந்தது. வெளியே ஊரே நின்றது.

வெள்ளைத் துணியில் சுற்றின குழந்தையைத் தூக்கிக்கொண்டு வில்மா தன் வாசலுக்கு வந்தாள். நிலையைப் பார்த்தாள். குழந்தையைப் பார்த்தாள். குழந்தை ஒரு கொட்டாவி விட்டது.

"ஏர்னா, இவளைப் பிடி. தள்ளி நில்லு."

"ஏன் அக்கா? மணி அடிக்குது..."

"அடிக்கட்டும்."

வில்மா குனிந்து கோடாலியை எடுத்தாள். அன்றைக்கு அவள் குனிந்தது அது ஒன்றுக்குத்தான். கோடாலியின் பின்புறத்தால் நிலைக்கு மேலே இருந்த செங்கல் அடைப்பில் ஓங்கி ஒரு போடு போட்டாள். களிமண் பூச்சு எவ்வளவு தாங்கும்? இரண்டாவது போட்டில் ஒரு கல் வெளியே போய் விழுந்தது. மூன்றாவதில் நாலைந்து. ஞாயிற்றுக்கிழமைச் சட்டையெல்லாம் செம்மண். வெளியே நின்றவர்கள் ஓவென்று கத்திக்கொண்டு சிதறினார்கள்.

"கோயில் நேரத்துல வீட்டை இடிக்கிறா பாருங்க!" என்று அலறினார் எமில். "அரசாங்கம் விட்டதை இவ இடிக்கிறா!"

"ஏய், நிறுத்து! நிலையையும் சேத்துப் பேத்துடாத!" என்று கிறிஷான் தோளில் விழுந்த மண்ணைக்கூடத் தட்டாமல் முன்னால் வந்தார். "என் கோடாலி போச்சு! கொத்தத் தெரியாதவ கையில..."

"தெரிஞ்சவரு வந்து கொத்துங்க அப்போ!"

அவர் அவளை முறைத்தார். இடிந்த ஓட்டை வழியே உள்ளே வெயில் அடித்து, நீலக் கூடத்தின் பழைய சுவரில் கோணலாக விழுந்திருந்தது. ஏர்னாவின் கையில் குழந்தை கத்தாமல், இடிக்கிற சத்தத்தில் சொக்கித் தூங்கிக்கொண்டிருந்தது. கிறிஷான் அதைப் பார்த்தார். பிறகு திரும்பி நடந்தார். கோபித்துக்கொண்டு போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார். கையில் இன்னொரு கோல். கறுத்துப்போய், ஒட்டடை தொங்க, அவர் தலைக்கு மேல் ஒரு முழம் நீட்டிக்கொண்டிருந்தது. பரணிலிருந்து எடுத்து வந்த பாரன் வீட்டுக் கோல்.

"பாதிரியாரை உக்காரச் சொல்லுங்க" என்றார். "நிலையைப் பேத்து உசத்தணும்."

அன்றைக்கு ட்ராமெலோவில் ஞானஸ்நானம் மத்தியானத்துக்கு மேல்தான் நடந்தது. பாதிரியார் காத்திருந்து காத்திருந்து, கடைசியில் தானே வந்து நிலையின் ஒரு முனையைப் பிடித்தார். கேக்கை எல்லோரும் முன்கூட்டியே தின்று தீர்த்துவிட்டார்கள். கிறிஷான் கோடாலியைத் துடைத்துத் திரும்ப வாசற்படியில் கிடத்தினார். வில்மா குழந்தையை வாங்கி மார்போடு நேராக நிமிர்த்திப் பிடித்தாள். கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டாள். பழக்கத்தில் தலை தாழ்ந்துவிடுமோ என்று அவளுக்கே பயம். கோடாலியைத் தாண்டினாள். தலைக்கு மேல் தாராளமாக இடம் இருந்தது.

மற்ற ஏழு பேரும் தங்கள் வாசலை மாற்றவில்லை. காப்பாற்றின வாசலாச்சே என்று பயம், பிறகு சோம்பல், பிறகு அதுவே பெருமை. வில்மா யாரையும் வற்புறுத்தவில்லை. ஷ்ட்ரூவெ ஒருமுறை அந்த வழியாக வண்டியில் போனார். வாசல்களைப் பார்த்து வண்டியை நிறுத்தச் சொன்னார். படியில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த வில்மா எழுந்து, வாசலுக்கு நடுவில் முழு உயரத்துக்கு நிமிர்ந்து நின்றாள். அவர் நெற்றியைத் தடவிக்கொண்டு, "போலாம்" என்று வண்டிக்காரனிடம் சொன்னார்.